இரத்தப் புற்றுநோயும் இதயமும்: குடும்பத்தார் அறிய வேண்டியவை

வீட்டில் ஒருவருக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டால், அன்று முதல் எல்லோருடைய கவனமும் இரத்தப் பரிசோதனைச் சீட்டின் மீதே இருக்கும். வெள்ளணுக்கள் எவ்வளவு, ஹீமோகுளோபின் ஏறியதா, தட்டணுக்கள் குறைந்தனவா என்பதே தினசரிப் பேச்சாகிவிடும். நோயாளிக்கு மூச்சு வாங்கினால் "கீமோவின் அசதி" என்கிறோம். கால் வீங்கினால் "படுத்தே கிடப்பதால்" என்கிறோம். நெஞ்சு படபடத்தால் "பயம்" என்று ஆறுதல் சொல்கிறோம். பல நேரங்களில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் சில நேரங்களில் அது இதயம் தரும் எச்சரிக்கை.

இரத்தம் ஓடும் பாதை இரத்தக் குழாய்கள். அதை ஓடச் செய்வது இதயம். இரத்தத்தில் வரும் நோய் இவ்விரண்டையும் பல வழிகளில் பாதிக்கிறது. நோயைக் குணப்படுத்தத் தரும் மருந்துகளில் சிலவும் பாதிக்கின்றன. நற்செய்தி என்னவென்றால், இவற்றில் பெரும்பாலானவற்றை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியும். கண்டுபிடித்தால், பெரும்பாலும் புற்றுநோய்ச் சிகிச்சையைக் கைவிடாமலேயே இதயத்தைப் பாதுகாக்க முடியும். அதற்குக் குடும்பத்தாரின் விழிப்பு தேவை.

இரத்தப் புற்றுநோய் என்பது ஒரே நோயா?

இல்லை. எலும்பு மஜ்ஜையில் இரத்த அணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவது லுகேமியா. நிணநீர்க் கணுக்களில் தோன்றுவது லிம்போமா. நோய் எதிர்ப்புப் புரதத்தைச் சுரக்கும் பிளாஸ்மா அணுக்களில் தோன்றுவது மைலோமா. இவை தவிர, மெதுவாக வளரும் இன்னொரு பிரிவும் உண்டு. அதில் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகும் பாலிசைத்தீமியா வீரா என்ற நோய் முக்கியமானது. ஒவ்வொன்றும் இதயத்தைத் தொடும் விதம் வேறு. எனவே "இரத்தப் புற்றுநோய்" என்று பொதுவாகச் சொல்வதோடு நிற்காமல், எந்த வகை, என்ன மருந்து என்பதைக் குடும்பத்தில் ஒருவராவது எழுதி வைத்திருக்க வேண்டும்.

நோயே இதயத்தைப் பாதிக்கும் வழிகள்

1. இரத்தச் சோகை: புற்றணுக்கள் மஜ்ஜையை அடைத்துக்கொள்ளும்போது சிவப்பணு உற்பத்தி குறைகிறது. உடலுக்குப் போதிய ஆக்ஸிஜனைக் கொண்டுசெல்ல இதயம் வேகமாகவும் கடினமாகவும் துடிக்க வேண்டியிருக்கிறது. ஏற்கனவே இதயக் குழாயில் அடைப்பு உள்ள முதியவர்களுக்கு இந்தக் கூடுதல் வேலையே நெஞ்சுவலியைக் கொண்டுவரும்.

2. இரத்தம் தடித்துப்போதல்: பாலிசைத்தீமியா வீராவில் நேர்மாறான நிலை. சிவப்பணுக்கள் மிகுந்து இரத்தம் கூழ் போலத் தடிக்கிறது, குழாய்களில் உறைகிறது. சிலருக்கு மாரடைப்போ பக்கவாதமோ வந்த பிறகுதான் இந்த நோய் இருப்பதே தெரிகிறது. ஹீமோகுளோபின் ஆண்களுக்கு 16.5, பெண்களுக்கு 16 கிராமுக்கு மேல் தொடர்ந்து இருந்தால் "நல்ல இரத்தம்" என்று மகிழ்ந்துவிடாமல் மருத்துவரிடம் காரணம் கேட்க வேண்டும். புகைப்பழக்கம் உட்பட வேறு காரணங்களாலும் அது கூடலாம். குளித்த பின் உடல் அரிப்பு, முகம் சிவத்தல், தலைவலி ஆகியவை இந்த நோயின் மற்ற அடையாளங்கள். இதற்குக் காரணமான ஜாக்2 என்ற மரபணு மாற்றம் 2005ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. இன்று அதை இரத்தப் பரிசோதனையிலேயே பார்த்துவிடலாம்.

இந்நோயில் ஓர் எண் மிக முக்கியம். இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹீமட்டோகிரிட்டை 45 சதவீதத்துக்குக் கீழே வைத்திருக்க வேண்டும். இத்தாலியில் 365 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளிவந்த ஆய்வில், 45க்குக் கீழே வைத்திருந்தவர்களில் 2.7 சதவீதத்தினருக்கே இதயம் சார்ந்த மரணமோ பெரிய இரத்த உறைவோ ஏற்பட்டது. 45 முதல் 50 வரை விட்டுவைத்தவர்களில் அது 9.8 சதவீதம். ஏறக்குறைய நான்கு மடங்கு. குறிப்பிட்ட அளவு இரத்தத்தை அவ்வப்போது வெளியேற்றுவதும், குறைந்த அளவு ஆஸ்பிரின் தருவதும் இதற்கான எளிய சிகிச்சைகள்.

3. வெள்ளணுக்கள் அடைத்தல்: ஆரோக்கியமானவருக்கு ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 4,000 முதல் 11,000 வரை வெள்ளணுக்கள் இருக்கும். தீவிர லுகேமியாவில் இது ஒரு லட்சத்தைத் தாண்டும்போது நுண்ணிய குழாய்களில் இரத்தம் தேங்கத் தொடங்குகிறது. நுரையீரலும் மூளையும் முதலில் பாதிக்கப்படும். இது சில மணி நேரத்தில் கவனிக்க வேண்டிய அவசரநிலை.

4. நெஞ்சுக்குள் கட்டி: லிம்போமா சிலருக்கு நெஞ்சின் நடுப்பகுதியில் வளர்ந்து, தலையிலிருந்து இதயத்துக்கு இரத்தம் திரும்பும் பெரிய சிரையை நெரிக்கும். முகமும் கழுத்தும் வீங்கும், நெஞ்சின் மேற்புறம் நரம்புகள் புடைத்துத் தெரியும், படுத்தால் மூச்சுத் திணறும். இதயத்தைச் சுற்றியுள்ள உறையில் நீர் கோத்துக்கொண்டு இதயம் விரிய முடியாமல் அழுத்தப்படுவதும் உண்டு. அப்போது அந்த நீரை ஊசி மூலம் உடனே எடுக்க வேண்டும்.

5. இதயச் சுவரில் புரதம் படிதல்: மைலோமாவிலும் அதை ஒத்த நோய்களிலும் பிளாஸ்மா அணுக்கள் சுரக்கும் குறைபட்ட புரதம் உறுப்புகளில் படியும். இதற்கு அமிலாய்டோசிஸ் என்று பெயர். மைலோமா நோயாளிகளில் 10 முதல் 15 சதவீதத்தினருக்கு இது இருக்கும். இதயச் சுவரில் படிந்தால் சுவர் தடித்து விறைத்துப்போகும். எக்கோவில் சுவர் தடிப்பாகத் தெரியும், ஆனால் இசிஜியில் அலைகள் சிறிதாக இருக்கும். இந்த முரண்பாடே மருத்துவருக்கு முக்கியமான தடயம். நாக்கு தடித்தல், கண்களைச் சுற்றிக் காரணமின்றிக் கன்றிப்போதல், சிறுநீரில் நுரை, எழுந்து நின்றதும் தலைசுற்றல், பல ஆண்டு இருந்த இரத்த அழுத்தம் தானாகவே குறைந்துபோதல் ஆகியவை சேர்ந்து வந்தால் தாமதிக்கக் கூடாது. தாமதமாகக் கண்டறியப்பட்டால் சில மாதங்களிலேயே உயிரைப் பறிக்கக்கூடிய நோய் இது. முன்பு இதற்கென்று அனுமதி பெற்ற மருந்தே இல்லை. 2021இல் டாராட்டுமுமாப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

சிகிச்சையால் வரும் பாதிப்புகள்

இந்தப் பகுதியைப் படித்துவிட்டு யாரும் மருந்துக்குப் பயந்து சிகிச்சையை நிறுத்திவிடக் கூடாது. இந்த மருந்துகள் பல்லாயிரம் உயிர்களைக் காப்பாற்றியவை. எதைக் கவனிக்க வேண்டும் என்பதற்காகவே இங்கே சொல்லப்படுகிறது.

சிவப்பு நிறக் கீமோ மருந்து: டாக்சோரூபிசின், டானோரூபிசின் ஆகியவை ஆந்த்ராசைக்ளின் என்ற வகையைச் சேர்ந்தவை. இத்தாலிய மண்ணிலிருந்து எடுக்கப்பட்ட ஒரு நுண்ணுயிரிலிருந்து கிடைத்தவை. 1960களில் இருந்து லுகேமியா, லிம்போமா சிகிச்சையின் முதுகெலும்பாக இருக்கின்றன. இவை இதயத் தசை அணுக்களையும் சேதப்படுத்தும். சேதம் மொத்த அளவைப் பொறுத்தது. 2003இல் வெளிவந்த ஒரு கணக்கீட்டின்படி, உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு மொத்தம் 400 மில்லிகிராம் டாக்சோரூபிசின் பெற்றவர்களில் 5 சதவீதத்தினருக்கும், 550 மில்லிகிராமில் 26 சதவீதத்தினருக்கும், 700 மில்லிகிராமில் 48 சதவீதத்தினருக்கும் இதயச் செயலிழப்பு ஏற்பட்டது. அதனால்தான் வாழ்நாள் முழுவதற்கும் ஓர் உச்சவரம்பு வைத்துக் கொடுக்கிறார்கள். லிம்போமாவுக்கு வழக்கமாகத் தரப்படும் ஆறு சுற்று ஆர்-சாப் சிகிச்சையில் மொத்தம் 300 மில்லிகிராம் சேரும். பிற்காலத்தில் அதே நபருக்கு வேறொரு புற்றுநோய் வந்தால், மிச்சம் எவ்வளவு கொடுக்கலாம் என்பது இந்தக் கணக்கைப் பொறுத்தே முடிவாகும்.

இத்தாலியில் 2,625 பேரைக் கண்காணித்து 2015இல் வெளியான ஆய்வில் 9 சதவீதத்தினருக்கு இதயத்தின் பம்பிங் குறைந்தது. அவர்களில் ஏறக்குறைய அனைவருக்கும் அது முதல் ஆண்டுக்குள்ளேயே தென்பட்டது. உடனே இதய மருந்துகள் தொடங்கியதால் 82 சதவீதத்தினருக்கு முழுமையாகவோ ஓரளவோ பம்பிங் மீண்டது. சீக்கிரம் கண்டறிவதன் பலன் இதுதான்.

நெஞ்சில் கதிர்வீச்சு: ஹாட்ஜ்கின் லிம்போமாவுக்கு நெஞ்சுப் பகுதியில் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு இதயத் தமனிகளில் அடைப்பும் வால்வுகளில் சுருக்கமும் வரலாம். இது உடனே வராது. 10, 20 ஆண்டுகள் கழித்தும் வரும். இருபது வயதில் குணமானவர் நாற்பது வயதில் நெஞ்சுவலி என்று வந்தால், "இந்த வயதில் மாரடைப்பா?" என்று ஒதுக்கிவிடக் கூடாது. இன்றைய முறைகளில் கதிர்வீச்சின் அளவும் பரப்பும் வெகுவாகக் குறைக்கப்பட்டிருப்பது ஆறுதலான செய்தி.

நாள்பட்ட மைலாய்டு லுகேமியாவுக்கான மாத்திரைகள்: 2001இல் இமாட்டினிப் வந்த பிறகு இந்த நோய், மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு வாழக்கூடிய ஒன்றாக மாறியது. இதயத்தைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் பாதுகாப்பானது. இந்த மருந்துக்கான காப்புரிமைக் கோரிக்கையை 2013 ஏப்ரல் 1 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் நிராகரித்ததால், உள்நாட்டுத் தயாரிப்புகள் குறைந்த விலையில் தொடர்ந்து கிடைக்கின்றன. அது பலனளிக்காதபோது தரப்படும் அடுத்தகட்ட மருந்துகளில்தான் கவனம் தேவை. நிலோட்டினிப் கால், இதயம், மூளைக்குச் செல்லும் தமனிகளைச் சுருக்கலாம், சர்க்கரையையும் கொழுப்பையும் கூட்டலாம். டாசாட்டினிப் நுரையீரலைச் சுற்றி நீர் கோக்கவும், நுரையீரல் தமனியில் அழுத்தம் கூடவும் காரணமாகலாம். பொனாட்டினிப் 2012 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்று, தமனி அடைப்புகள் மிகுந்ததால் 2013 அக்டோபரில் விற்பனை நிறுத்தப்பட்டு, பின்னர் கடும் நிபந்தனைகளுடன் திரும்பி வந்தது. நடக்கும்போது கெண்டைக்கால் வலித்து, நின்றால் வலி விட்டுவிடுகிறது என்றால் அது கால் தமனி அடைப்பின் அடையாளமாக இருக்கலாம்.

மற்ற மருந்துகள்: நாள்பட்ட லிம்போசைட்டிக் லுகேமியாவுக்குத் தரப்படும் இப்ருட்டினிப் இதயத் துடிப்பை ஒழுங்கற்றதாக்கலாம், இரத்த அழுத்தத்தைக் கூட்டலாம். பின்னர் வந்த அகலாப்ருட்டினிப், ஜனுப்ருட்டினிப் ஆகியவற்றில் துடிப்புக் கோளாறு குறைவு. மைலோமாவுக்கான தாலிடமைடு, லெனலிடமைடு இரத்தம் உறைவதை அதிகரிக்கும். அதனால் ஆஸ்பிரினோ வேறு உறைவுத் தடுப்பு மருந்தோ சேர்த்துத் தருவார்கள். கார்ஃபில்சோமிப் இதயச் செயலிழப்பை உண்டாக்கலாம். ஒரு வகைத் தீவிர லுகேமியாவை அற்புதமாகக் குணப்படுத்தும் ஆர்சனிக் ட்ரையாக்சைடு, இதயத்தின் மின்னோட்டத்தை நீட்டிவிடும். அப்போது இசிஜியும் பொட்டாசியம், மெக்னீசியம் அளவுகளும் அடிக்கடி பார்க்கப்பட வேண்டும். வாந்தியை நிறுத்தும் ஆண்டன்செட்ரான், சில ஆன்டிபயாட்டிக்குகள், சில பூஞ்சை எதிர்ப்பு மருந்துகள் ஆகியவற்றுக்கும் இதே தன்மை உண்டு. மருந்துக் கடையில் நாமாகக் கேட்டு வாங்கிக் கொடுப்பது இங்கே ஆபத்தானது.

இரண்டுக்கும் பொதுவான வேர்

வயது ஏற ஏற மஜ்ஜையின் மூல அணுக்களில் சிறு மரபணு மாற்றங்கள் சேர்கின்றன. 70 வயதைத் தாண்டியவர்களில் பத்தில் ஒருவருக்காவது, நோய் எதுவும் இல்லாத நிலையிலேயே, இப்படி மாறிய அணுக்களின் ஒரு கூட்டம் இரத்தத்தில் இருப்பதாக 2014இல் ஆய்வுகள் காட்டின. அவர்களில் ஆண்டுக்கு ஒரு சதவீதத்தினர் அல்லது அதற்கும் குறைவானவர்களுக்கே இரத்தப் புற்றுநோய் வருகிறது. ஆனால் 2017இல் வெளிவந்த ஆய்வில், இத்தகையவர்களுக்கு இதயத் தமனி நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு என்று தெரியவந்தது. மாறிய வெள்ளணுக்கள் தமனிச் சுவரில் அழற்சியைத் தூண்டுவதே காரணம். இரத்தமும் இதயமும் தனித்தனி மருத்துவர்களின் பொறுப்பாக நமக்குத் தோன்றினாலும், உடலில் அவை பிரிந்திருக்கவில்லை.

தட்டணு குறைவாக இருக்கும்போது மாரடைப்பு

தட்டணுக்கள் குறைவாக இருப்பதால் இரத்தம் உறையாது, எனவே மாரடைப்பு வராது என்று பலர் நினைக்கிறார்கள். இது தவறு. தட்டணு குறைந்த நிலையிலும் மாரடைப்பு வரும். சிகிச்சைதான் சிக்கலாகிறது. ஆஸ்பிரின் தரலாமா, ஸ்டென்ட் வைக்கலாமா என்பதை இரத்தநோய் மருத்துவரும் இதய மருத்துவரும் சேர்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். நெஞ்சுவலி என்று அவசரப் பிரிவுக்குப் போகும்போது, "இவருக்கு இரத்தப் புற்றுநோய் இருக்கிறது, கடைசித் தட்டணு எண்ணிக்கை இவ்வளவு" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அதேபோல் வழக்கமாகச் சாப்பிடும் ஆஸ்பிரினைத் தாமாக நிறுத்தவும் வேண்டாம், தாமாகத் தொடங்கவும் வேண்டாம்.

கேட்டுப் பெற வேண்டிய பரிசோதனைகள்

ஐரோப்பிய இதயவியல் கழகம் 2022இல் புற்றுநோயாளிகளின் இதயப் பாதுகாப்புக்கென்றே ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. அதன் சாரம் எளிமையானது:

- சிகிச்சை தொடங்கும் முன்: இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, இசிஜி. ஆந்த்ராசைக்ளின் போன்ற மருந்து என்றால் எக்கோவும்.
- சிகிச்சையின்போது: ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு இடையிடையே எக்கோ, இதயச் சேதத்தைக் காட்டும் டிரோபோனின் போன்ற இரத்தப் பரிசோதனைகள்.
- முடிந்த பின்: ஆந்த்ராசைக்ளின் பெற்ற அனைவருக்கும் 12 மாதத்துக்குள் ஒரு எக்கோ. அதிக ஆபத்துள்ளவர்களுக்கு 1, 3, 5ஆம் ஆண்டுகளிலும், பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறையும்.

பெரிய மருத்துவமனைகளில் நெரிசல் அதிகம். மருத்துவர் மறந்தாலும் நாம் நினைவூட்டலாம். "ஐயா, எக்கோ எப்போது எடுக்க வேண்டும்?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டிய அறிகுறிகள்

- படிக்கட்டு ஏறினாலோ தட்டையாகப் படுத்தாலோ மூச்சு வாங்குதல்
- இரண்டு, மூன்று நாட்களில் எடை திடீரென்று கூடுதல், இரு கால்களிலும் வீக்கம்
- ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல்
- நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி
- ஒழுங்கற்ற படபடப்பு, மயக்கம்
- முகம், கழுத்து வீக்கம்
- வாய் கோணுதல், பேச்சுக் குளறுதல், ஒரு பக்கக் கை கால் தளர்தல்

ஹிஜாமா, கருஞ்சீரகம், நோன்பு

நம் குடும்பங்களில் எழும் மூன்று கேள்விகளை இங்கே பேசியே ஆக வேண்டும்.

ஹிஜாமா: தட்டணு குறைந்தவருக்குத் தோலைக் கீறினால் இரத்தம் நிற்காமல் போகலாம். வெள்ளணு எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு அந்தக் கீறலே கடும் தொற்றின் வாசலாகலாம். பாலிசைத்தீமியா நோயாளிக்கு "எப்படியும் இரத்தம் எடுக்கிறார்கள், ஹிஜாமா போதும்" என்பதும் சரியல்ல. மருத்துவமனையில் ஹீமட்டோகிரிட்டைப் பார்த்து, அளந்து எடுக்கிறார்கள். ஹிஜாமாவில் அந்தக் கணக்கு கிடையாது.

கருஞ்சீரகமும் மூலிகைகளும்: உணவில் சேரும் சிட்டிகை வேறு, எண்ணெயாகவும் பொடியாகவும் மருந்தளவில் சாப்பிடுவது வேறு. எதைச் சாப்பிட்டாலும் மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். பம்பளிமாஸ் வகைப் பழங்கள்கூட நிலோட்டினிப், இப்ருட்டினிப் போன்ற மருந்துகளின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடக்கூடியவை. மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்று ஏவிய மார்க்கம், மருத்துவத்தை விட்டுவிடச் சொல்லவில்லை.

நோன்பு: நிலோட்டினிப் 12 மணி நேர இடைவெளியில், வெறும் வயிற்றில் இருவேளை சாப்பிட வேண்டிய மருந்து. நோன்பு திறப்பதிலிருந்து ஸஹர் முடியும் வரை நமக்குக் கிடைப்பது சுமார் 10 மணி நேரமே. பாலிசைத்தீமியா உள்ளவருக்கு நாள் முழுவதும் தண்ணீர் இல்லாவிட்டால் இரத்தம் மேலும் தடிக்கும். இதய மருந்தாக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவருக்கும் சிக்கல் உண்டு. நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகை குர்ஆனிலேயே தெளிவாக இருக்கிறது. குணமான பின் களா செய்யலாம். குணமாகும் வாய்ப்பில்லை என்று மருத்துவர் சொன்னால் ஃபித்யா இருக்கிறது. மனம் கேட்கவில்லை என்பதற்காக மாத்திரையைத் தள்ளிப்போடுவது வணக்கமாகாது. ரமளானுக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

கோப்பைப் பாதுகாப்போம், நோயை மறைக்க வேண்டாம்

குழந்தைப் பருவ லுகேமியாவில் இன்று பெரும்பான்மையினர் குணமாகிறார்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, படித்து, மணமுடித்து, தாய் தந்தையாகிறார்கள். ஆனால் ஐந்து வயதில் பெற்ற ஆந்த்ராசைக்ளினின் தடயம் இருபத்தைந்து வயதிலும் இதயத்தில் இருக்கலாம். சாதாரண நாட்களில் அது வெளியே தெரியாது. கர்ப்ப காலத்தில் இதயத்தின் வேலை பெருமளவு கூடும்போது வெளிப்படலாம். எனவே சிறு வயதில் இந்தச் சிகிச்சை பெற்ற பெண்கள் கருத்தரிக்கும் முன்போ, கருவுற்ற தொடக்கத்திலோ எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும்.

இங்கேதான் நம் சமூகத்தின் ஒரு பழக்கம் உயிருக்கு ஊறாகிறது. "வரன் அமையாது" என்று பெண்ணின் பழைய நோயை மறைக்கிறோம். மருத்துவமனைச் சீட்டுகளைக் கிழித்துப் போடுகிறோம். புகுந்த வீட்டில் யாருக்கும் தெரியாது, பிரசவம் பார்க்கும் மருத்துவருக்கும் தெரியாது. மூச்சு வாங்கினால் "கர்ப்பத்தில் எல்லோருக்கும் இருப்பதுதான்" என்று சொல்லிவிடுவார்கள். குணமான நோய் வெட்கப்பட வேண்டிய ஒன்றல்ல. அதை நேர்மையாகச் சொல்லி, புரிந்துகொள்ளும் குடும்பத்தில் சம்பந்தம் வைப்பதே அந்தப் பிள்ளைக்குப் பாதுகாப்பு.

ஆகவே இன்றே ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர் எவரேனும் இருந்தால், ஒரே தாளில் இவற்றை எழுதி வையுங்கள்: நோயின் சரியான பெயர், சிகிச்சை பெற்ற ஆண்டு, கொடுத்த மருந்துகள், ஆந்த்ராசைக்ளினின் மொத்த அளவு, நெஞ்சில் கதிர்வீச்சு கொடுத்தார்களா, கடைசி எக்கோவின் தேதியும் பம்பிங் அளவும். தெரியாததை, சிகிச்சை பெற்ற மருத்துவமனையில் நோயாளி எண்ணைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். அந்தத் தாளைக் கைப்பேசியில் படம் எடுத்துக் குடும்பத்தில் இருவரிடமாவது கொடுத்து வையுங்கள். புகையை விடுவது, இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பது, மருத்துவர் அனுமதிக்கும் அளவு தினமும் நடப்பது ஆகியவை மற்ற எவரையும்விட இவர்களுக்கு அதிகம் தேவை. பல ஆண்டுகள் கழித்து ஓர் இரவில் அவசரப் பிரிவில் நிற்க நேர்ந்தால், மருத்துவர் கேட்கும் முதல் கேள்விக்குப் பதில் அந்தத் தாளில்தான் இருக்கும்.